பிறந்த வீட்டு வாக்கர்

தை 4

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று நிலையத்தைத் திறந்தேன். நிலையம் என்பது தங்கப்பழத்தின் அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் பெரிய கூடம். முழுப்பெயர், தங்கக்கனி அம்மாள் நினைவு மருத்துவ உபகரண இரவல் நிலையம், பாவூர்சத்திரம். உள்ளே வாக்கர்கள், சக்கர நாற்காலிகள், கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு எழும்பும் கட்டில்கள், கமோடு நாற்காலிகள். நடக்க முடியாதவர்கள் இலவசமாக வாங்கிப் போகலாம். நடக்க முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். திறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை எதுவும் வெளியே போகவில்லை. நெல் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் மட்டும், சாதாரண நாற்காலி என்று நினைத்துக் கமோடில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுப் போனார். அவரைப் பயனாளிகளில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இரவல் கொடுத்து வாங்கத் தெரிந்தவன் என்று தங்கப்பழம் என்னைக் கௌரவச் செயலாளர் ஆக்கினார். நூலகத்திலும் யாரும் தொடாத அலமாரிகள் உண்டு. கவிதை அலமாரிக்கு வருஷத்தில் இரண்டு பேர் வருவார்கள். அதில் ஒருவர் அந்தக் கவிதைகளை எழுதியவர். இருந்தாலும் இரண்டு பேர்.

என் மனைவி உலகம்மாள் இன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். கையில் கரண்டியோடு உட்கார்ந்தாள். தரை குளிர்ச்சியாக இருக்கிறதாம். எழுப்பிவிடச் சொன்னாள், எழுப்பிவிட்டேன்.

தை 7

தங்கப்பழம் வந்தார். கூடத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு வாக்கரையும் ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்தார்.

“ஆவுடையப்பன் அண்ணாச்சி, ஒண்ணாச்சும் போச்சா?”

“இல்ல.”

“சீக்குக்காரனே இல்லாத ஊராவே இது? தென்காசி ஆஸ்பத்திரியில பாதிப்பேரு நம்ம ஊரு ஆளு.”

“தர்மம் பண்ண கொஞ்சம் பொறுமை வேணும்.”

“பொறுமைக்கு எடம் வேணும்லா? பங்குனியில அறுப்பு வருது. மூட்டையை எங்க அடுக்க? எங்க அம்மா பேருல ஒரு வாக்கராவது ஊருக்குள்ள நடந்துதுன்னா இந்தக் கூடம் இருக்கட்டும். இல்லேன்னா அறுப்புக்கு முன்னால எல்லாத்தையும் எடைக்குப் போட்டுருவேன்.”

அவர் அம்மாவின் பெயர் எல்லாப் பொருள்களிலும் சிவப்புப் பெயின்டில் எழுதப்பட்டிருக்கிறது. ‘காலஞ்சென்ற தங்கக்கனி அம்மாள் நினைவாக.’ எழுத்து அழகாக இருக்கிறது. பிழையும் இல்லை. நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

தை 9

சென்னையில் ஒரு பெரிய அறக்கட்டளை, சிற்றூர்த் தொண்டு நிறுவனங்களுக்காகக் கைபேசி வழியே கருத்தரங்கு நடத்தியது. புத்தாக்கமும் தாங்குதிறனும் என்று தலைப்பு. பேசியவர் இரண்டு சொற்களையும் மூச்சுக்கு ஒருமுறை சொன்னார். நடுவில் ஆலை மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவருடைய வாய் மட்டும் அசைந்தது. கருத்து ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. நம்மிடம் புத்தாக்கம் கிடையாது. தாங்குதிறன் உண்டு, கட்டிலின் காலில் நூற்றிருபது கிலோ என்று ஒட்டியிருக்கிறார்கள்.

மாலையில் குளியலறையில் கொடிக்கயிறு கட்டினேன். இடுப்பு உயரத்தில் கட்டினேன். துணி காயப்போட வசதி.

தை 11

உலகம்மாளைத் தென்காசிக்கு அழைத்துப் போனேன். நரம்பு டாக்டர் இளைஞர். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் தன் பாட்டுக்கு இருந்தது.

“பிடிமானம் இல்லாம நடக்கக் கூடாதும்மா. வாக்கர் வாங்கிருங்க. அடுத்த தடவை விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும்.”

‘அடுத்த தடவை’ என்று அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. அடிக்கடி உட்காருகிறாள் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கூடம் நிறைய வாக்கருக்குச் செயலாளர் நான். அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டர்கள் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

தை 14

கீழப்பாவூரில் பேச்சித்தாய் என்பவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாராம். ஆலைக்கு மூட்டை ஏற்றும் இசக்கிப்பாண்டியின் லோடு ஆட்டோவில் ஒரு வாக்கரை ஏற்றிக்கொண்டு போனோம். பேச்சித்தாய் நல்ல மரியாதை தெரிந்தவர். எங்களுக்குக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். பிறகு வாக்கரை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல என்னமோ எழுதியிருக்கே. படிங்க அண்ணாச்சி.”

படித்தேன்.

“தங்கக்கனியா? அரிசி மில்லுக்காரி? அவ போய்ப் பத்து வருஷமாச்சே. ஒத்தையில இருக்கப் பயந்து தொணைக்கு என்னைய கூப்பிடுதாளாக்கும்?”

“அப்படி இல்லம்மா, இது ஒரு ஞாபகத்துக்கு…”

“காலைல எந்திரிச்சு இவ பேரைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் கக்கூஸுக்குப் போணுமா? எடுத்துட்டுப் போங்கய்யா. தர்மத்துக்கு நிக்கிற குடும்பம் இல்ல இது.”

திரும்பும் வழியில் இசக்கிப்பாண்டி மிச்சக் கலரைக் குடித்துக்கொண்டே வந்தான். வாக்கர் பின்னால் குதித்துக்கொண்டே வந்தது.

தை 15

நேற்று நடந்ததை உலகம்மாளிடம் சொன்னேன். அவள் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எழுதுனது யாரு? நீங்களா?”

“பெயின்டர் எழுதுனான். நான் பிழை திருத்துனேன்.”

“அதானே பாத்தேன். ‘காலஞ்சென்ற’ன்னு செத்தவங்க படத்துக்குக் கீழ எழுதுற மாதிரி. நோயாளிக்கு முன்னாலயே எழுதி வச்சிட்டா, நாளைக்குப் பேரை மட்டும் மாத்துனாப் போதும் பாருங்க.”

“பேரை அழிச்சுக் கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. தர்மச் சாமானாம்.”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் எந்த வேலையையும் உட்கார்ந்துதான் செய்கிறாள். அதில் அவளுக்கு ஒரு தேர்ச்சி வந்துவிட்டது.

“தர்மம்னு கொண்டுபோனா எவ வாங்குவா? பண்டிகைக்கு முன்னால இந்தத் தெருவுல பொங்கல் படி வந்துச்சே, பாத்தீங்களா? கரும்பு, பானை, அரிசி, சேலைன்னு அண்ணன் தம்பி தலையில தூக்கிட்டு வந்தான். எவளாவது வேண்டாம்னாளா? அடுப்பே வச்சிருக்கவ, பிறந்த வீட்டுல இருந்து இன்னொரு அடுப்பு வந்தா நடுவீட்டுல வச்சுப் பத்து நாள் காட்டுவா. அந்தப் பேச்சித்தாய்க்குத் தம்பி இருக்கானான்னு கேளுங்க. அவன் கையில கொடுத்து, பழம் பூவோட சீராக் கொண்டுபோகச் சொல்லுங்க. எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் மூச்சு விடக் கூடாது.”

“வாக்கரைச் சீரா வைக்கதா?”

“நடக்க வைக்கிற சாமான். நகையை விட ஒசத்திதானே.”

பிறகு, “நான் ஒத்தப்பொண்ணு. எனக்குப் படி வாங்கிப் பழக்கம் இல்ல, பாத்த பழக்கம்தான்” என்றாள். அதை எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தை 20

தங்கப்பழத்தைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் பிடித்தது. அம்மா பெயரை அழிக்க வேண்டும், புகைப்படம் எடுக்கக் கூடாது, பேனர் கிடையாது என்றதும் எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து, “பேரைச் சின்னதா எழுதுவமா?” என்றார். அதற்கு மறுநாள், “அடியில எழுதுவமா? கவிழ்த்தாத்தான் தெரியும்” என்றார். இன்று பேச்சில்லாமல் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்தார். அம்மாவின் பெயரை அவரே உட்கார்ந்து துடைத்தார். ஆட்களை விடவில்லை.

நான் உதவப் போனேன். “வேண்டாம் அண்ணாச்சி. எங்க அம்மாவ நானே எறக்கி விடுதேன்” என்றார்.

மாசி 2

முதல் சீர்.

பேச்சித்தாயின் தம்பி குறும்பலாப்பேரியில் பூ வியாபாரம் செய்கிறவர். அக்காவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்தும் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு இத்தனை நாள் போகாமல் இருந்தவர். வாக்கரின் நான்கு கால்களுக்கும் அவரே சரம் சுற்றினார். முன்னால் ஒரு கொட்டு. பின்னால் தாம்பாளம் ஏந்திய பெண்கள். பழம், தேங்காய், மஞ்சள், சேலை. நடுவில் வாக்கர். நானும் இசக்கிப்பாண்டியும் யாரோ போலத் தெருமுனை டீக்கடையில் நின்றோம்.

பேச்சித்தாய் வாசலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியைப் பார்த்ததும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“வாடா! அக்கா செத்தாளா இருக்காளான்னு பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? இது என்னடா, பூவச் சுத்திக் கொண்டாந்திருக்க?”

“நீ நடக்கதுக்குக்கா.”

“என் தம்பி எனக்குக் கால் வாங்கிட்டு வந்திருக்கான்!” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அழுதார். பிறகு வாக்கரைப் பிடித்துத் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று போனதால் நேரமாயிற்று.

டீக்கடைக்காரர் எங்களிடம், “பாத்தியளா? தம்பின்னா இப்படி இருக்கணும்” என்றார். ஆமோதித்தோம்.

மாசி 13

எதிர்பார்க்காத வேகம். தம்பிகளும் அண்ணன்களும் மாமன் மகன்களும் ஆலைக்குப் பின்வாசல் வழியாக வந்து போகிறார்கள். நிலையத்துக்கு இப்போது முன்வாசல் வழியாக வருகிறவன் நான் ஒருவன்தான்.

கமோடு நாற்காலியைச் சீர்வரிசையில் எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு சிக்கல் வந்தது. உலகம்மாள்தான் தீர்த்தாள். பட்டுத்துணியால் மூடி, மேலே ஒரு பலாப்பழத்தை வைக்கச் சொன்னாள். ஆவுடையானூரில் அதைப் பார்த்த ஒரு கிழவர் சிம்மாசனம் என்று நினைத்துக் கும்பிட்டாராம்.

மாசி 17

நிலையத்திலிருந்து ஒரு வாக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கால் ரப்பரைச் சுத்தம் செய்வதற்காக என்று சொன்னேன். முன்னறையில், அவள் போகும் வழியில் வைத்தேன்.

மாலையில் பார்த்தபோது அதில் என் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

“சுத்தம் பண்ணி முடிச்சாச்சா?” என்றாள்.

“ஆச்சு.”

“அப்பம் எடுத்துட்டுப் போங்க. வழியில கெடக்கு.”

“ஒருதடவை பிடிச்சுத்தான் பாரேன். எப்படி இருக்குன்னு சொல்ல ஆளு வேணும்.”

“நீங்க கொண்டு வந்தா அதுக்குப் பேரு சீரா? ஆபீஸ் சாமான். ஊருக்கெல்லாம் தம்பி கொண்டுவருதான், செக்ரட்டரி பொண்டாட்டிக்குச் செக்ரட்டரியே கொண்டுவந்தார்னு தெருவே சொல்லும்.” பிறகு கொஞ்சம் தணிந்து, “எனக்கு நடக்க முடியலேன்னு யாரு சொன்னா?” என்றாள்.

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாக்கரைத் திருப்பிக் கொண்டுபோனேன். நாளைக்கே அது சுரண்டைப் பக்கம் ஒரு பெரியவருக்குச் சீராகப் போகிறது.

மாசி 25

இப்போதெல்லாம் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒன்றாகவே நடக்கிறோம். அவள் முன்னால், நான் ஒரு அடி பின்னால். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாள்.

பங்குனி 3

கூடம் ஏறக்குறையக் காலி. நான் தங்கப்பழத்திடமிருந்து பாராட்டை எதிர்பார்த்தேன். அவர் கோபத்தோடு வந்தார்.

“போனதெல்லாம் சரி. திரும்பி வந்தது எத்தனை?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

“எப்படி வே வரும்? இரவல் கொடுக்கச் சொன்னா கல்யாணம் பண்ணிக் கொடுத்திருக்கீரு. சீரு எந்த ஊர்ல திரும்பி வந்திருக்கு? பொண்ணுதான் திரும்பி வரும்.”

முப்பது வருஷம் இரவல் கொடுத்து வாங்கியவனுக்கு இது தோன்றவில்லை. உலகம்மாளுக்கும் தோன்றவில்லை. ஊரில் ஒருவருக்குமே தோன்றவில்லை. ஏனென்றால் எல்லோரும் அதை நிஜமாகவே சீர் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம், நான் உட்பட. ஒரு தம்பி சேலை நிறம் சரியில்லை என்று என்னிடமே குறைப்பட்டான். நானும் அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன்.

பங்குனி 5

பேச்சித்தாய் இப்போது கைத்தடியோடு நடக்கிறார் என்று இசக்கிப்பாண்டி சொன்னான். வாக்கரைத் திருப்பி வாங்கலாம் என்று போனேன். வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எந்த வாக்கரு?”

“உங்க தம்பி கொண்டுவந்தாரே. வேலை முடிஞ்சிருந்தா…”

“அவன் கொண்டுவந்ததை நீங்க ஏன் கேக்கிய? நீங்க யாரு, அவன் பொண்டாட்டிக்குச் சொந்தமா?” அப்போதுதான் என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தார். “ஓ, நீங்களா. எனக்கு அப்பமே தெரியும், அவன் மூஞ்சிக்கு இது ஏதுன்னு. ஆனா சபையில கொண்டுவந்து வச்சான் பாத்தியளா, அதான் சீரு.”

“அது இப்ப எங்க இருக்கு?”

“ஆவுடையானூர்ல. எங்க சித்தப்பா மகளுக்கு முழங்கால் ஆபரேஷன். அவளுக்கும் பிறந்த வீடுன்னு சொல்லிக்க என்னைய விட்டா யாரு? பழம், பூ, சேலை வச்சு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரப்பர் மட்டும் தேஞ்சிருந்துச்சு.” கட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். “பின்ன? சீரைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டுல சும்மாவும் வச்சிக்கக் கூடாது.”

ஆவுடையானூர் போனேன். அங்கே அந்தச் சித்தப்பா மகளுக்கும் சரியாகி, வாக்கர் அவளுடைய நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தது. வேறு சில வாக்கர்களையும் தேடிப் பார்த்தேன். எதுவும் முதலில் போன வீட்டில் இல்லை. எல்லாம் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கின்றன.

பங்குனி 6

தங்கப்பழத்திடம் விவரத்தைச் சொன்னேன். அவர் ஆலைக்கூரையைப் பார்த்தார்.

“அப்பம் நம்ம சாமான் எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது.”

“தெரியாது.”

“நம்ம இல்லாமலே நடக்குது.”

“நடக்குது.”

“அப்பம் நம்ம எதுக்கு?”

இந்தக் கேள்விக்குச் சென்னைக் கருத்தரங்கில் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்கள். அப்போதுதான் மோட்டார் போட்டார்கள்.

பங்குனி 9

நிலையத்தை மூடுவது பற்றிப் பேச வீட்டுக்கு வருவதாகத் தங்கப்பழம் சொல்லியிருந்தார். வந்தார். நான் என் வாதங்களை அடுக்கிவைத்திருந்தேன். நிலையம் தோற்கவில்லை, ஊருக்குள் கரைந்துவிட்டது, சர்க்கரை தண்ணீரில் கரைந்தால் சர்க்கரை இல்லை என்று சொல்வோமா, என்று ஆரம்பித்திருந்தேன்.

உலகம்மாள் காபி கொண்டுவந்தாள். முன்னறையின் நடுவில் வந்ததும் உட்கார்ந்தாள். டம்ளர்கள் இரண்டும் நிலைப்படி வரை உருண்டன. தங்கப்பழம் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். நாற்காலியில் அமர்த்தினோம்.

“ஒண்ணுமில்ல, தரை வழுக்கிட்டு” என்றாள்.

தங்கப்பழம் தரையைப் பார்த்தார். பிறகு குளியலறைக் கதவு வழியே தெரிந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மைனி, உங்களுக்கு எந்த ஊரு?”

“புளியரை.”

“கூடப் பொறந்தவங்க?”

“யாரும் இல்ல. ஒத்தப்பொண்ணு.”

வேறு காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சர்க்கரை உவமை அவரை வாயடைக்கச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பங்குனி 15

கூடத்தில் நெல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். நிலையத்தை மூட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மூடுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. கடைசி வாக்கர் பங்குனி முதல் வாரத்திலேயே போயிற்று.

பங்குனி 18

இன்று உட்காரவில்லை. விழுந்தாள்.

பங்குனி 19

எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் என்னைப் பார்த்தார். “வாக்கர் வாங்கச் சொன்னேனே சார்” என்றார். நான் சுவரில் இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தேன். நல்ல அருவிப் படம்.

படுத்திருக்கிறாள். இரண்டு அடி எடுத்து வைக்கவும் பயப்படுகிறாள். எதற்கும் பயப்படாதவள்.

இசக்கிப்பாண்டியிடம் எங்காவது ஒரு வாக்கர் இருந்தால் தேடச் சொன்னேன். “நம்ம கொடுத்ததை நம்மளே போய்க் கேட்டா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி?” என்றான். நியாயம்தான். தென்காசிக் கடையில் புதிது வாங்கிவிடலாம். வாங்குவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் நான் வாங்கிக் கொண்டுவந்தால் அதில் என் துண்டு காயும். கணவன் என்பவன் தன் மனைவிக்கு எல்லாம் கொடுக்கலாம், பிறந்த வீட்டை மட்டும் கொடுக்க முடியாது.

சித்திரை 1

காலையில் கொட்டுச் சத்தம் கேட்டது. வருஷப் பிறப்புக்குக் கோயிலில் ஏதோ என்று நினைத்தேன். சத்தம் நம் தெருவுக்குள் திரும்பியது. நம் வாசலில் நின்றது.

முன்னால் தங்கப்பழம், பட்டுவேட்டியில். தோளில் புதுத் துண்டு. தலையில் வாக்கர். ஆலை முதலாளியைத் தலைச்சுமையோடு இதுவரை யாரும் பார்த்ததில்லை. பின்னால் அவர் மனைவியும் மருமகள்களும் தாம்பாளங்களோடு. எல்லோருக்கும் பின்னால் பேச்சித்தாய், கைத்தடியோடும் ஒரு தார் வாழைப்பழத்தோடும். பழத்தாரைச் சுமந்தது இசக்கிப்பாண்டி. அதிகாரம் செய்தது பேச்சித்தாய்.

“வாங்க தங்கப்பழம், என்ன இது?” என்றேன்.

“அத்தான், வழியை விடுங்க” என்றார்.

ஒரு வருஷமாக என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர். நான் வழியை விட்டேன்.

உலகம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாக்கரை இறக்கி அவள் முன்னால் வைத்தார். கால்களில் புது ரப்பர். கைப்பிடியில் பழைய தேய்மானம்.

“யாரு வீட்டுச் சீரு இது?” என்றாள்.

“பிறந்த வீட்டுச் சீருக்கா.”

“எனக்கு யாரு இருக்கா பிறந்த வீட்டுல?”

“நான் இருக்கேன். தம்பி.”

“எப்பப் பிறந்த?”

“இன்னைக்குத்தான். வருஷம் பிறக்கும்போதே கூடப் பிறந்துட்டேன்.”

“தம்பிக்கு அறுபது வயசு இருக்கும் போலிருக்கே.”

“அறுபத்தொண்ணு. பிரசவம் கொஞ்சம் இழுத்துட்டு.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். உலகம்மாள் சிரிக்கவில்லை. தாம்பாளத்திலிருந்த சேலையை எடுத்தாள், ஓரத்தைப் பிரித்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இவ்வளவு பெரிய மில்லு வச்சிருக்க. அக்காளுக்கு ஒரு பட்டு கெடைக்கலையோ? இது ஒரு துவைப்புக்குத் தாங்காது.”

தங்கப்பழத்தின் மனைவி தன் கணவனைப் பார்த்தாள். “நான் அப்பமே சொன்னேன்” என்றாள்.

“தேங்காயும் சிறுசு” என்றாள் உலகம்மாள்.

பேச்சித்தாய் என் காதருகில் வந்து, “ஏத்துக்கிட்டா” என்றார். எனக்கும் தெரிந்தது. சீரில் குறை சொல்லும் உரிமை உடன்பிறந்தவளுக்கு மட்டும்தான் உண்டு.

பிறகு அவள் இரண்டு கைகளையும் வாக்கர் மேல் வைத்து எழுந்தாள். தங்கப்பழம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்றார். வெயில் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

இசக்கிப்பாண்டியிடம் பிற்பாடு கேட்டேன். பங்குனி 9-இலிருந்தே அவனுடைய லோடு ஆட்டோவில் ஏறி, வாக்கர் போன வீடுவீடாக அவனும் தங்கப்பழமும் அலைந்திருக்கிறார்கள். புதிது வாங்கலாமே என்று இவன் சொன்னதற்கு, “கடையில வாங்குனா அது சாமான். நாலு வீட்டுல நடந்து வந்தாத்தான் சீரு” என்றாராம். எல்லா வீட்டிலும் யாராவது அதைப் பிடித்து நடந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். கடைசியில் சுரண்டையில் ஒரு பெரியவர் நேற்றுத்தான் கைத்தடிக்கு மாறியிருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தங்கப்பழம் சொன்னார்: “அத்தான், கூடத்து மூலையில ஒரு மேசை போட்டுத் தாரேன். ரப்பர் தேஞ்சுட்டு, போல்டு கழண்டுட்டுன்னு நாலு ஊருல இருந்தும் ஆளு வரும். யாரு வீட்டுச் சீருன்னு மட்டும் கேட்டுறாதீங்க. மூட்டையில இடிச்சுக்காம உள்ள போங்க.”

“பேர்ப்பலகை?”

“எதுக்கு? எங்க அம்மா இங்க எங்கயும் உக்காரல. அவ பாட்டுக்கு ஊரைச் சுத்திட்டு இருக்கா.”

சித்திரை 4

உலகம்மாள் காய்கறிச் சந்தைக்குப் போகவேண்டும் என்றாள். நான் வாங்கிவரும் கத்தரிக்காய்கள் எல்லாவற்றிலும் புழு இருக்கிறதாம். மூன்று மாதமாகப் பொறுத்துக்கொண்டாளாம்.

அவள் வாக்கரோடு முன்னால் நடந்தாள். நான் வழக்கம்போல ஒரு அடி பின்னால். எதிர்வீட்டுக்காரி, “என்னக்கா புதுசா?” என்றாள். “தம்பி போட்டது. சேலைதான் மட்டம்” என்றாள் இவள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் யாரும் கேட்காமலே சொன்னாள். சந்தை வாசலில் நான் மூச்சு வாங்கியபோது அவள் எனக்காக நின்றாள்.

அங்கே நின்றபோதுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, எதையோ ஏந்தத் தயாராக இருந்தன. எத்தனை மாதமாக அப்படி நடந்துகொண்டிருக்கிறேனோ தெரியவில்லை. இறக்கினேன். இறக்கிய பிறகு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். “சும்மா நிக்காம இதைப் பிடிங்க” என்று பையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து கத்தரிக்காயைப் பொறுக்கத் தொடங்கினாள்.